வீட்டில் வாட்டர் பெட்: யாருக்குப் பொருந்தும், எப்படி நிரப்புவது, எங்கே தவறும்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சர்ஜிகல் கடைகளில் வாட்டர் பெட் என்று கேட்டால், எழுந்து நடமாட முடியாத நோயாளிக்கான ரப்பர் படுக்கையையோ பி.வி.சி. படுக்கையையோதான் எடுத்துப் போடுவார்கள். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, முதுகுத்தண்டில் அடி, முற்றிய புற்றுநோய், முதுமைத் தளர்ச்சி என்று ஏதோ ஒன்றில் படுத்தவரை டிஸ்சார்ஜ் செய்து குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ அரக்கோணத்துக்கோ அழைத்துப் போகும் அவசரத்தில், பில் கட்டிவிட்டு வரும் வழியிலேயே பல குடும்பங்கள் இதை வாங்கிவிடுகின்றன. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் எழும். எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது, எந்தத் தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுவது, தலைப்பக்கம் தூக்கினால் தண்ணீர் எல்லாம் கால்பக்கம் ஓடுகிறதே, என்ன செய்வது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாட்டர் பெட் படுக்கைப் புண் வருவதைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. அதன் மேல் படுத்திருப்பவரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்தே ஆக வேண்டும். படுக்கை வந்துவிட்டதே என்று திருப்புவதை நிறுத்திய வீடுகளில்தான் புண் ஆழமாகப் போகிறது.

அது எப்படி வேலை செய்கிறது

படுத்திருக்கும்போது உடம்பின் எடை எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. பிட்டத்துக்கு மேலே உள்ள அடிமுதுகு எலும்பு, குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை, காதுமடல் ஆகிய இடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. ரத்தம் போகாத சதை சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். தண்ணீரில் உடம்பு கொஞ்சம் அமிழும்போது எடை அகலமாகப் பரவுகிறது, எலும்பு முனைகள் மேல் விழும் அழுத்தம் குறைகிறது. நீல் ஆர்னட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1832-இல் தண்ணீர்ப் படுக்கையை உருவாக்கியதும் படுக்கைப் புண்ணுக்காகத்தான். அமெரிக்காவில் பெட்ரூமுக்குள் வந்த வாட்டர் பெட் 1968-இல் சார்லஸ் ஹால் என்ற மாணவர் வடிவமைத்தது. அது வேறு பொருள், அதைப் பற்றிப் பிறகு.

உடம்பு அமிழ இடம் இருந்தால்தான் இந்தப் பயன். தண்ணீர் குறைந்தால் எலும்பு நேராகக் கட்டில் பலகையில் உட்காரும். விம்ம விம்ம நிரப்பினால் மேல்தோல் இழுத்துக் கட்டியதுபோல விறைத்து, பலகையில் படுப்பதற்கும் இதில் படுப்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

வாங்குமுன்: தண்ணீரா, காற்றா?

கடையில் பக்கத்திலேயே ஏர் பெட் இருக்கும். ஆல்ஃபா பெட் என்றும் சொல்வார்கள். சின்ன மோட்டார் ஒன்று, கொப்புளங்களிலோ குழாய்களிலோ மாற்றி மாற்றிக் காற்றடித்துக் கொண்டே இருக்கும். எது வேண்டும் என்பதை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நோயாளியின் நிலைமையையும் வீட்டின் நிலைமையையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கிறீர்களா? அப்படியானால் வாட்டர் பெட் வேண்டாம். குழாயில் ஊற்றும்போதும் ஊற்றி முடித்த பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையிலும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரும். வாட்டர் பெட்டைச் சாய்த்தால் தண்ணீர் முழுக்க கால்பக்கம் இறங்கிவிடும். அடிமுதுகுக்குக் கீழே, எங்கே அதிகம் தேவையோ அங்கே, தண்ணீரே இருக்காது. தலையணைகளை அடுக்கிச் சமாளிக்கப் பார்த்தால் நோயாளி வழுக்கி வழுக்கிக் கீழே வருவார். அந்த வழுக்கலில் தோல் உராய்ந்து கிழிவதும் புண்ணுக்கு ஒரு காரணம். வாயால் சாப்பிட்டாலும் அடிக்கடி புரையேறுகிறவர்களுக்கும், மூச்சுத் திணறலால் சாய்ந்தே படுத்திருக்க வேண்டியவர்களுக்கும் இதே பதில்தான்.

பக்கவாதத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரளவும் உட்காரவும் பழகுகிறவருக்கும் இது தடை. மிதக்கிற பரப்பில் கையூன்ற முடியாது. தானாகப் புரண்டவர்கூடப் புரள்வதை விட்டுவிடுவார். பிசியோதெரபி நடக்கிறது என்றால் தெரபிஸ்டைக் கேட்காமல் வாங்காதீர்கள். முதுகெலும்பு முறிவு இன்னும் சேராதவர்களை மருத்துவர் சொல்லாமல் இதில் படுக்கவைக்கவே கூடாது.

வாட்டர் பெட் ஜெயிக்கிற இடம் மின்சாரம். ஏர் பெட்டின் மோட்டார் ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும், ஆனால் நிற்காமல் ஓட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் காற்று இறங்கி, நோயாளி பலகையில் கிடப்பார். மோட்டார் பழுதானாலும் அதே கதிதான். கிராமத்து வீட்டில், இன்வெர்ட்டர் இல்லாமல், மல்லாக்கப் படுக்கக்கூடிய, வாயால் சாப்பிடுகிற, எடை அதிகமில்லாத முதியவருக்கு வாட்டர் பெட் நல்ல தேர்வு. சத்தம் இல்லை, பட்டன் இல்லை, பார்த்துக்கொள்கிறவர் எழுதப் படிக்கத் தெரியாதவரானாலும் பழகிக்கொள்வார்.

வாடகைக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள். சில வாரத் தேவைக்கு அதுவே போதும். ஏற்கெனவே ஆழமான புண் இருந்தால் படுக்கை தேடுவதற்கு முன் மருத்துவமனைக்குப் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சிகிச்சை பார்த்த இடத்திலோ காட்டலாம். நோயாளியைத் தூக்கிப் போக முடியாவிட்டால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கட்டிலும் எடையும்

நோயாளிக்கான வாட்டர் பெட் சுமார் ஆறடி நீளம், மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம் இருக்கும். 185 செ.மீ.க்கு 85 செ.மீ. என்று வைத்தால், சராசரியாக 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 80 லிட்டர் வேண்டும். 7 செ.மீ.க்கு 110 லிட்டர். குடிதண்ணீர் வாங்கும் 20 லிட்டர் கேனால் அளந்தால் நான்கிலிருந்து ஐந்தரைக் கேன். தண்ணீர் 100 கிலோ, நோயாளி 60 கிலோ, திருப்பும்போது முட்டியூன்றும் ஒருவர் என்று கணக்குப் போட்டால் கட்டில் 200 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும்.

நாடாக் கட்டில், கயிற்றுக் கட்டில் உதவாது; நடுவில் தொய்ந்து தண்ணீர் அங்கே குவியும். இரும்புக் கட்டிலில் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் மேலே பிளைவுட் போடுங்கள். ஆணித்தலை, சிலாம்பு, கூரான மூலை எதுவும் இருக்கக் கூடாது. பழைய துணியால் பலகையை ஒருமுறை துடைத்துப் பாருங்கள், துணி எங்காவது மாட்டினால் அங்கே உப்புத்தாள் தேய்க்க வேண்டும். பலகைமேல் மெல்லிய பஞ்சு மெத்தையோ ஃபோமோ விரித்து, அதன்மேல் வாட்டர் பெட். பக்கத் தடுப்பு இல்லாத கட்டில் என்றால் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மறுபக்கத்துக்குத் தடுப்பு வாங்குங்கள். தண்ணீர் ஒரு பக்கம் சாயும்போது நோயாளியும் அந்தப் பக்கமே உருள்வார். தரையில் போட்டால் விழுகிற பயமில்லை, ஆனால் குனிந்து குனிந்து திருப்புகிறவருக்கு ஒரு மாதத்தில் முதுகு போய்விடும். எலித் தொல்லையும் உண்டு.

நிரப்புவது

கடையில் காலி படுக்கையை வாயால் ஊதியோ பம்பாலோ காற்றடித்து, ஓரத் தையல்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் வேறு எடுங்கள். தையலில் வருகிற ஒழுக்கை வீட்டில் ஒட்டவே முடியாது.

எந்தத் தண்ணீர் என்பது இந்த ஊரில் முக்கியமான கேள்வி. பாலாற்றங்கரைப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரையே கெடுத்திருக்கிறது. உப்புத் தண்ணீர், படுக்கையில் தண்ணீர் ஊற்றும் வாயிலும் மூடி மரையிலும் வெள்ளையாகப் படிந்து, மூடி இறுகாமல் கசியும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டில் அதையே பிடித்து ஊற்றுங்கள். கேன் தண்ணீர் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை.

தண்ணீரின் சூட்டை அசட்டை செய்யாதீர்கள். சித்திரை வைகாசியில் நண்பகலில் மாடி டேங்க் குழாயைத் திறந்தால் கை சுடும். உணர்ச்சியற்ற காலும் முதுகும் உள்ளவருக்கு அந்தச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். காலையில் பிடியுங்கள். மார்கழி, தையில் இதற்கு நேர்மாறு: தண்ணீர் உடம்புச் சூட்டை இரவெல்லாம் உறிஞ்சும், முதியவர் நடுங்குவார், சிலருக்கு உடல் வெப்பம் அபாயகரமாக இறங்கும். அப்போது வெந்நீர் கலந்து, முழங்கையை வைத்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் பதத்தில், தெர்மாமீட்டர் இருந்தால் 30 முதல் 32 பாகை செல்சியஸில், ஊற்றுங்கள். எப்படியும் சில மணி நேரத்தில் அறையின் வெப்பத்துக்கே வந்துவிடும் என்பதால், குளிர் மாதங்களில் படுக்கைக்கும் துணிக்கும் நடுவே ஒரே ஒரு மெல்லிய கம்பளி தேவைப்படும். வாட்டர் ஹீட்டர் ராடை உள்ளே விடுவது, மின்சார ஒத்தடப் பையை அடியில் வைப்பது இரண்டும் உயிருக்கே ஆபத்து.

இனி வரிசை. காலிப் படுக்கையைக் கட்டிலில் அதன் இடத்தில் விரித்த பிறகுதான் தண்ணீர். நிரம்பியதை இழுத்தால் தையல் விடும். படுக்கையின் வாய் கால்பக்கம் இருக்கட்டும். அரை அங்குல ஹோஸை வாயில் விட்டு, துணியால் சுற்றிப் பிடித்து, கேனால் அளந்தோ நேரத்தால் கணக்கிட்டோ நிரப்புங்கள். ஒரு கேன் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டால் பிறகு எளிது. 50 கிலோ எடைக்கு 80 லிட்டரில் நிறுத்தி, எடை கூடக்கூட 110 வரை போகலாம். படுக்கை அட்டையில் குறித்திருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. நடுவில் அறைகள் தடுத்த படுக்கை என்றால் ஒவ்வொரு அறையையும் தனித்தனியே நிரப்ப வேண்டும்.

நிரப்பிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே காற்று நின்றால் ஒவ்வொரு அசைவுக்கும் குளக் குளக்கென்று சத்தம் கேட்கும், காற்றிருக்கும் இடம் மேடாகி நோயாளி சரிவார். தலைப்பக்கத்திலிருந்து இரண்டு உள்ளங்கைகளாலோ துணி சுற்றிய பூரிக் கட்டையாலோ மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து, வாயைச் சற்றே உயர்த்திப் பிடித்துக் காற்றை வெளியேற்றி, தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடியை இறுக்குங்கள்.

அளவு சரியா என்பதை நோயாளி படுத்த பிறகே சொல்ல முடியும். மல்லாக்கப் படுக்கவைத்து, வாட்டர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே, இடுப்புக்கு நேர்கீழே, உங்கள் கையை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி நுழையுங்கள். எலும்பு கையில் இடித்தால் தண்ணீர் போதாது. குறைந்தது ஓர் அங்குலம் தண்ணீர் நடுவில் இருப்பது தெரிய வேண்டும். மேலே கையை வைத்து அழுத்தினால் பரப்பு எளிதாக உள்வாங்கவும் வேண்டும். பக்கவாட்டில் படுக்கவைத்தும் ஒருமுறை பாருங்கள். அப்போதுதான் எடை குறுகிய இடத்தில் விழும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று தடவை இந்தச் சோதனை வேண்டும், ரப்பர் கொஞ்சம் தளரும்.

மேலே என்ன விரிப்பது

பழைய, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டி அல்லது புடவை ஒன்று. குளிர் மாதங்களில் மட்டும் அதற்கடியில் முன்பு சொன்ன மெல்லிய கம்பளி. அவ்வளவுதான். அதை ஓரங்களில் இறுக்கிச் சொருகாமல் தளரவிட வேண்டும். இறுக்கிக் கட்டிய துணி எடையைத் தானே தாங்கிக்கொண்டு, தண்ணீரை வேலை செய்யவிடாது. கம்பளி, பெட்ஷீட், ரப்பர் ஷீட், அதன்மேல் இன்னொரு துண்டு என்று அடுக்குகிறவர்கள் வாட்டர் பெட்டுக்குக் கொடுத்த காசை வீணாக்குகிறார்கள்.

வேலூர் வெயிலில் இந்தப் படுக்கையின் மிகப் பெரிய குறை வியர்வை. ரப்பர் மூச்சு விடாது. அக்னி நட்சத்திர நாட்களில் முதுகு முழுக்க ஈரம் கோத்து, ஊறிய தோல் லேசாக உராய்ந்தாலே உரியும். துணியை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். ஒவ்வொரு திருப்பலின்போதும் முதுகை ஒற்றித் துடைத்து, இரண்டு நிமிடம் ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். பவுடரைக் கொட்டினால் வியர்வையில் குழைந்து கட்டிகட்டியாக நின்று அதுவே அறுக்கும். டயப்பர் போட்டிருந்தால் நனைந்ததா என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சிறுநீரும் மலமும் பட்ட தோல் மிக வேகமாகப் புண்ணாகும்.

திருப்புவதும் பார்ப்பதும்

இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று ஒரு தாளில் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கவாட்டில் படுக்கவைக்கும்போது முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், இடுப்பெலும்பு நேராக அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். இழுத்து நகர்த்தாதீர்கள். அடியில் குறுக்காக ஒரு துணி போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

குதிகாலுக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய கையுறை வைக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதனால் பயனில்லை, குதிகால் அப்போதும் எதன்மேலோ அழுந்தியபடிதான் இருக்கிறது. கெண்டைக்காலுக்குக் கீழே நீளமாகத் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்கவிடுங்கள். உட்கார வைக்க வாங்கும் காற்று வளையமும் வேண்டாம். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தத்தைக் குறைக்கும்.

தினமும் குளிப்பாட்டும்போது எலும்பு முனைகள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி விட்டால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும்; வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால், அல்லது தோல் கருநீலமாக மாறியிருந்தால், அதுவே அறிகுறி. அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் சதை இன்னும் சிதையும். அந்தப் பக்கம் படுக்கவைப்பதை நிறுத்தி, நர்ஸையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள். மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு, கடையில் யாரோ சொன்ன பவுடர் எதையும் திறந்த புண்ணில் போடாதீர்கள்.

தெரிந்திருக்க வேண்டிய ஆபத்துகள் இரண்டு உண்டு. நோயாளிக்குத் திடீரென மூச்சும் நாடியும் நின்றால் வாட்டர் பெட்மேல் நெஞ்சை அழுத்துவது பலனளிக்காது, அழுத்தம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும். உடனே தரைக்கு இறக்கி அழுத்தத் தொடங்கி, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். அடுத்தது, பாட்டி பக்கத்தில் கைக்குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். குழந்தை குப்புறப் புரண்டால் முகம் புதைந்து மூச்சடைக்கும்.

தண்ணீர் மாற்றுவதும் ஓட்டை அடைப்பதும்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். வாடை வந்தாலோ ஒளி ஊடுருவும் படுக்கையில் பச்சை தெரிந்தாலோ முன்னதாகவே. குடிநீருக்கான குளோரின் மாத்திரையை அட்டையில் சொன்ன அளவுக்குப் போட்டால் பாசி தள்ளிப்போகும். பிளீச்சிங் பவுடரைக் கண்ணளவில் அள்ளிப் போட்டால் பி.வி.சி. இறுகி விரிசல் விடும். வெளியேற்ற, நோயாளியை வேறு கட்டிலுக்கு மாற்றிவிட்டு, ஹோஸை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி ஒரு முனையைப் படுக்கைக்குள்ளும் மறுமுனையைக் கீழே வாசல் பக்கமும் விட்டால் கட்டில் உயரத்துக்குத் தானே இறங்கும். கடைசித் தண்ணீருக்குத் தலைப்பக்கத்தை இருவர் தூக்க வேண்டும்.

ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் ஊக்கு, ஹேர்பின், இன்சுலின் ஊசி, பூனை நகம், கொசுவர்த்தி. ரப்பர் படுக்கை என்றால் சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டும் முறையே போதும்: தண்ணீரை இறக்கி, உலர்த்தி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, காய்ந்து பிசுபிசுக்கும் பதத்தில் பேட்ச் ஒட்டி, ஒரு நாள் எடை வைத்து விடுங்கள். பி.வி.சி.க்கு அது பிடிக்காது, பி.வி.சி. துண்டும் அதற்கான வளையும் பசையும் வேண்டும். உடனே ஒட்டும் பசைகள் கண்ணாடிபோல இறுகி, நோயாளி திரும்பும்போதே வெடித்துவிடும்.

நோயாளி அல்லாதவருக்கு

சொகுசுக்காக இரட்டைக் கட்டில் அளவில் வாட்டர் பெட் தேடுகிறவர்களுக்குக் கணக்கு ஒன்றே போதும். 1.8 மீட்டருக்கு 2 மீட்டர், 20 செ.மீ. ஆழம் என்றால் 720 லிட்டர், அதாவது 720 கிலோ. சட்டமும் இரண்டு பேரும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 250 கிலோவை நெருங்கும். வீட்டுத் தளங்களை வடிவமைக்கும்போது இந்தியத் தர விதி எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தரைத்தளத்தில் போடலாம். மாடியில், அதுவும் மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில், பொறியாளரைக் கேட்காமல் போடக் கூடாது. குளிர்ச்சியாக இருக்கும் என்ற நம்பிக்கையும் மே மாதத்தில் பொய்த்துப் போகும். அறை 36 பாகையில் இருந்தால் தண்ணீரும் அங்கேதான் போய் நிற்கும். ஏ.சி. அறையில் முதுகு விறைக்கும், அதற்கு ஹீட்டர், அதற்குக் கரண்ட் பில். இந்த ஊருக்கு நல்ல பஞ்சு மெத்தையையே சொல்வோம்.

எடுத்து வைக்கும்போது

தேவை முடிந்ததும் தண்ணீரை முழுக்க இறக்கி, வெளிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். உள்ளே ஈரம் போக, மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ரப்பர் என்றால் டால்கம் பவுடர் தூவி, மடிக்காமல் சுருட்டி, எலி எட்டாத இடத்தில் வையுங்கள். வேறு வீட்டுக்குக் கொடுப்பதானால் காற்றடித்துச் சோப்புத் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்து, எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள், எத்தனை கிலோ எடைக்கு என்று ஒரு சீட்டில் எழுதி மூடியோடு கட்டிக் கொடுங்கள்.